பெரிய வியாழனன்று போட்ட வாக்கு

2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவை நினைவுகூரும் பெரிய வியாழனும் அன்றுதான். காலையில் வாக்களித்துவிட்டு, மாலையில் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்குப் போனேன். பாதம் கழுவும் சடங்குக்காகப் பீடத்தின் முன் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தார். அந்த இடக்கைச் சுட்டுவிரலில் காலையில் வைத்த மை கறுத்திருந்தது. அருட்தந்தை மண்டியிட்டு அவருடைய காலில் நீர் வார்த்தார். அந்த மையையும் அந்த நீரையும் சேர்த்துப் பார்த்த பிறகு, வாக்களிப்பதை ஜெபத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய அந்தக் கடைசிப் பந்தியில்தான், தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் வாதாடியதாக நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். மக்களை அடக்கி ஆள்கிறவர்களே 'நன்மை செய்பவர்கள்' என்று பெயர் எடுக்கிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கலாகாது என்று இயேசு அப்போது சொன்னார். வாக்குக்குப் பணம் கொடுப்பவரைத் "தாராளமான மனுஷன்" என்று நாம் புகழும்போதெல்லாம் இந்த இடம் என் நெஞ்சில் தைக்கிறது. அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்புதான், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் வேலூர்த் தொகுதியின் தேர்தலே ரத்தானது. முன்பொரு தேர்தலில் எங்கள் வீட்டிலும் அந்த உறையை வாங்கியிருக்கிறோம். அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது.

பணத்தைவிட விடுவதற்குக் கடினமானது, "நம்ம ஆள்" என்ற எண்ணம். வேட்பாளர் நம் சபையா, நம் சாதியா என்று கோயில் வாசலிலேயே பேசிக்கொள்கிறோம். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் சொல்லும் இறுதித் தீர்ப்பிலோ, பசித்தவருக்கு உணவளித்தாயா, சிறையிலிருந்தவரைத் தேடி வந்தாயா என்பதைத் தவிர வேறு கணக்கே இல்லை. பட்டியலினத் தகுதியை மதத்தோடு கட்டிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுக்காக வேட்பாளரிடம் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரை விட்டுவைத்துக்கொண்டு அதைக் கேட்க நமக்கு வாய் வருமா?

திருச்சபை எந்தச் சின்னத்தையும் காட்டுவதில்லை; அது சரியே. இப்போதெல்லாம் வாக்களிக்கும் முன் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை, வழக்குகளையும் சொத்து விவரங்களையும் விடாமல், வாசிக்கிறேன். பிறகு எங்கள் தெருவைக் கூட்டும் அக்காவிடம், வெள்ளம் வந்தபோது அவர்கள் பக்கம் யார் வந்தார்கள் என்று கேட்கிறேன்.