பைக்கு டோக்கன் உண்டு, பேத்திக்கு இல்லை

தி.நகரில் எந்த ஜவுளிக்கடையில், எந்த மாடியில் உட்கார இடம் கிடைக்கும் என்று என்னைக் கேட்கலாம். பட்டுப் பிரிவில் மெத்தை வைத்த ஸ்டூல் போட்டிருப்பார்கள். அது வாங்க வந்தவர்களுக்கு. சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்தால் "சாருக்கு என்ன காட்டட்டும்?" என்று ஒருவர் வந்து நிற்பார். ஆண்கள் பிரிவில் டிரையல் ரூமுக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு. அதில் என் வயதுக்காரர்கள் மூன்று நான்கு பேர், ஆளுக்கொரு குழந்தையோடு, எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் இருப்பது மாடிப்படி. அங்கே செக்யூரிட்டி வந்து எழுப்பும் வரை இருக்கலாம்.

தொலைபேசித் துறையில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பார்ப்பது இரண்டாவது உத்தியோகம். வீட்டில் என் மனைவியும் பெண்களும் துணி எடுக்கக் கிளம்பினால் பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான். பில் கட்டவும் கட்டைப்பை தூக்கவும் மாப்பிள்ளை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. அதுவாக அமைந்துவிட்டது.

2023 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. பேத்திக்கு அப்போது நான்கு வயது. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். அந்த வருடம் மே மாதம்தான் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதையைத் திறந்திருந்தார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீந்தியவனுக்கு அது பெரிய வரம். மேலே நின்று பார்த்தால் தெருவே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. கீழே போலீஸ் மைக்கில் ஓயாத அறிவிப்பு: நகைகளையும் குழந்தைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நகைக்கு அப்புறம்தான் குழந்தை வந்தது. வரிசையைக் கவனித்தேன்.

கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். எண் 212. பேத்தி தன் கையை நீட்டி "எனக்கு?" என்றாள். டோக்கன் கொடுத்த பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது மாடி. தண்ணீர் கேட்டாள். பாட்டில் மூடியைத் திறக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். சுடிதார் தொங்கவிட்ட ஸ்டாண்டுகளுக்கு நடுவில் நான்கு வயதுப் பிள்ளை நுழைந்தால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாண்டாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. மொத்தம் ஐந்து நிமிடம்தான் என்று பிற்பாடு மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். அவர் கணக்கில் எப்போதும் சரியாக இருப்பார்.

சிறுவர் சட்டைப் பிரிவில், கவுண்ட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள் வைக்கிற அட்டையை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடைச் சீருடைப் புடவையில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். ஒரு கையால் பேத்தியின் முதுகைப் பிடித்தபடி இன்னொரு கையால் வாடிக்கையாளருக்குச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பாப்பாவா தாத்தா? அப்பவே புடிச்சு உக்கார வெச்சுட்டேன். மைக்ல சொல்லச் சொல்லி கீழ ஆள் அனுப்பியிருக்கேன்."

நன்றி சொல்ல வாய் வரவில்லை. "நல்லாப் பழக்கம் போலிருக்கேம்மா" என்றேன்.

"ஒரு நாளைக்கு மூணு நாலு பிள்ளையாவது இப்படி வந்துரும் தாத்தா."

பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, சங்கரன்கோவில் பக்கம் ஊர். மூன்று வயதில் ஒரு பையன், ஊரில் அம்மாவிடம் இருக்கிறான். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கடை சாத்திய பிறகுதான் பஸ். மேற்கொண்டு கேட்பதற்குள் சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டை மடிக்க ஆரம்பித்தார்.

நான் தொழிற்சங்கத்தில் இருந்தவன். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. மகப்பேறு பலன்கள் சட்டத்தை 2017-ல் திருத்தினார்கள். அதன்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். அந்தக் கடையில் ஒரு மாடிக்கே 50 பேர் இருப்பார்கள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதற்கே கேரளத்தில் 2018-லும் இங்கே 2021-லும் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்காலிக்கே அந்தப் பாடு என்றால் தொட்டிலுக்கு எத்தனை வருடமோ. என் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டிக்கு வந்த ஆபரேட்டர் ஒருவர் கைக்குழந்தையை ஓய்வறையில் துணி விரித்துப் படுக்க வைப்பார். யாருக்கு பிரேக்கோ அவர் போய்ப் பார்த்துக்கொள்வார். சட்டம் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் அப்படியே விட்டதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

சரி, அன்றைக்கு மீதிப் பொழுதைக் கழித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். துணி எடுத்து முடியவில்லை. (எப்போது முடிந்திருக்கிறது?) நான் பேத்தியை இழுத்துக்கொண்டு பனகல் பார்க் பக்கம் போய்விட்டேன். பார்க்கில் ஒரு பகுதியை மெட்ரோ ரயில் வேலைக்காக எடுத்துத் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்துக்கு மேலே பெரிய கிரேன். அங்கிருந்து கோடம்பாக்கம் நோக்கிப் பூமிக்கடியில் குடைந்துகொண்டு போகிற இயந்திரங்களுக்கு மயில், பெலிகன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான். மயில் இப்போது எங்கே இருக்கிறது, சாப்பிட்டதா, இருட்டில் பயப்படாதா என்று ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. சல்லிக்காசு செலவில்லை. ஒரு பாக்கெட் வேர்க்கடலை தவிர.

2024 மே மாதம் சின்னவள் வீட்டுக்கு ஹைதராபாத் போயிருந்தோம். ஹைடெக் சிட்டியில் ஐகியா, ஸ்வீடன்காரர்களின் வீட்டுச் சாமான் கடை. இந்தியாவில் அவர்கள் முதலில் திறந்தது அதுதான், 2018 ஆகஸ்டில். நான்கு லட்சம் சதுர அடி என்று சின்னவள் சொன்னதும் எனக்கு முழங்கால் வலித்தது. நான்கு லட்சம் சதுர அடியில் ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் பின்னால் ஓட வேண்டும் அல்லவா.

ஆனால் உள்ளே போனதும் என் வேலை போய்விட்டது. 'ஸ்மோலாண்ட்' என்று ஒரு விளையாட்டு இடம். சின்னவள் ஒரு படிவத்தில் பெயர், போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். குழந்தையின் உயரத்தை அளந்தார்கள். தானாக டாய்லெட் போகத் தெரியுமா என்று கேட்டார்கள். பெற்றோர் கடையை விட்டு வெளியே போகக் கூடாது, விட்டவரேதான் வந்து அழைத்துப் போக வேண்டும், இவ்வளவு நேரம்தான் என்று விதிகளைச் சொன்னார்கள். காசு கிடையாது. பேத்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்கவில்லை.

ஸ்மோலாண்ட் என்பது ஸ்வீடனில் ஒரு மாகாணம், 'சின்ன நாடுகள்' என்று அர்த்தமாம். ஐகியாவைத் தொடங்கிய இங்வார் காம்பிராத் பிறந்த பகுதி. 1943-ல் 17 வயதில் தொடங்கியிருக்கிறார். ஐகியா என்ற பெயரே இனிஷியல்தான்: அவர் பெயரின் இரண்டு எழுத்து, அவர் வளர்ந்த பண்ணையின் முதல் எழுத்து, ஊரின் முதல் எழுத்து. நம் பக்கத்துக்காரர்கள் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வதைத்தான் அவர் பின்னால் போட்டிருக்கிறார். இதை நான் விளக்கிச் சொன்னபோது வீட்டில் யாரும் கேட்கவில்லை, அலமாரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. என் மனைவி ஒரு சமையலறை மாதிரியில் நின்று இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எப்போதும் அவள் உள்ளே, நான் படிக்கட்டில். எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதும் அதே ஏற்பாடுதான். அப்போது படிக்கட்டில் உட்கார்ந்தது என் அப்பா.

வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள், "தாத்தா, நீ ஏன் உள்ள வரல?"

"உயரம் ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க."

நம்மூர் மால்களிலும் விளையாட்டு இடங்கள் இருக்கின்றன, தெரியும். மணிக்கணக்கில் காசு, அவர்கள் விற்கிற சாக்ஸைத்தான் போட வேண்டும், அதற்கும் மேல் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அப்புறம் எதற்கு அது? நான் அங்கேயும் நிற்கிறேன்.

தி.நகர் கடைகளில் இடம் இல்லை என்பார்கள். ஏசி மாடியில் ஜூஸ் கடைக்கு இடம் இருக்கிறது. ஆனால் நாளைக்கே ஒரு முதலாளி மனம் வைத்து ஒரு மூலையில் சறுக்கு மரம் போட்டு, இரண்டு விற்பனைப் பெண்களைப் 'பிள்ளைகளைப் பார்த்துக்கோ' என்று நிறுத்தினால் நான் பேத்தியை விடமாட்டேன். சம்பளம் அதே, பயிற்சி இல்லை, ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் பழி அந்தப் பெண்ணின் தலையில். அங்கன்வாடி ஊழியருக்குக்கூடப் பயிற்சி உண்டு. படிவம், உயரம், நேரம், யார் விட்டாரோ அவரே வர வேண்டும் என்ற விதி, இதையெல்லாம் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். முதலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஓர் அறை திறக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களை நியமிக்கட்டும். வாங்க வருகிறவர்களின் பிள்ளைகள் பிறகு அதே அறையில் சேர்ந்து விளையாடட்டும். சங்கரன்கோவில் பையனும் என் பேத்தியும் அட்டை வீடு கட்டுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போன வருடம் தீபாவளிக்கு அதே கடைக்குப் போனபோது சிறுவர் சட்டைப் பிரிவில் தேடினேன். அந்தப் பெண் இல்லை. கேட்டதற்கு, நின்றுவிட்டார் என்றார்கள்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கடைக்கு வந்தால் அவளே துணி தேர்ந்தெடுக்கிறாள், என் சட்டையையும் சேர்த்து. ஹைதராபாத் போவதற்குள் உயரம் தாண்டிவிடக் கூடாதென்று கதவு நிலையில் பென்சில் கோடு போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். சரி, இனிமேல் நானும் உள்ளே போய்ப் புடவை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பெரியவளுக்கு இரண்டாவது பிறந்திருக்கிறது. பையன். எனக்குப் பணி நீட்டிப்பு வந்துவிட்டது.