முகம் காட்ட மாட்டேன் என்றவரைப் படம் எடுத்த அனுபவம்

யாருக்கும் காட்டாமல், யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், தன்பாட்டுக்கு ஒரு மூலையில் கலை செய்துகொண்டிருக்கும் மனிதரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதைத்தான்.

இந்த வகையில் பேர் வாங்கிய கதைகளில் பெரும்பாலும் ஆள் போய்ச் சேர்ந்திருப்பார். ஹென்றி டார்ஜர் சிகாகோ மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். 15,000 பக்கங்களைத் தாண்டிய ஒரு கதையும் அதற்கு வரைந்த படங்களும் அவர் அறையில் இருந்தது, அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரிந்தது. 1973-ல் டார்ஜர் இறந்துவிட்டார். பிள்ளை பார்க்கும் வேலை செய்த விவியன் மேயரின் நெகட்டிவ்கள், வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்து 2007-ல் ஏலத்துக்குப் போயின. 2009-ல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைத் தேட ஆரம்பித்தது. இவர்களைப் படம் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. 'வேணாம்' என்று சொல்ல ஆள் இருக்காது.

எனக்குக் கிடைத்தவர் உயிரோடு இருந்தார். 'வேணாம்' அவருக்கு நன்றாகவே வந்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் கித்தாக் காடாக, அதாவது ரப்பர் காடாக இருந்து, இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டம். லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பாதி இடித்தாயிற்று. மிச்சமிருக்கும் கடைசி லயத்தில் தனியாக இருக்கிறார் தாத்தா, பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து ஓய்ந்தவர். கல்யாணம், கருமாதி எதற்கும் வருவதில்லை. குசினிக்குப் பின்னால் சுவர் முழுக்க மங்குகளைப் பதித்து வைத்திருக்கிறார். ரப்பர் பால் பிடிக்கிற பழைய பீங்கான் கிண்ணம்தான், விளிம்பு உடைந்து தோட்டத்தில் எறிந்தது. ஒவ்வொன்றும் ஒரு முகம். கண்ணுக்கு ரப்பர் கொட்டை. அந்தக் கொட்டையில் இருக்கும் பழுப்புப் புள்ளி மரத்துக்கு மரம் மாறும், அதனால் சுவரில் ஆளுக்கு ஆள் பார்வையும் மாறுகிறது. முடிக்கு ஒட்டுப்பால், அதாவது காய்ந்து இறுகிய ரப்பர் பால். மூக்கை சிமெண்டில் பிடித்து, ஈரம் காயும் முன் பால்வெட்டும் உளியால் சீவியிருக்கிறார். எல்லோரும் விடிகாலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஒரு மண்டோர், வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

உள்ளே நுழைய எனக்கு உதவியது கேமரா இல்லை, என் ஆயா, அதாவது பாட்டி. மளிகைக் கடை அண்ணன் கூட்டிப்போய் நிறுத்தியபோது தாத்தா கேட்டது, "யாரு வீட்டுப் புள்ள?" ஆயா பெயரைச் சொன்னேன். "அட, நாலாம் லயத்து ஆளு," என்றார். பசியாறச் சொல்லி பிஸ்கட்டும் தே ஓ என்ற பாலில்லாத தேநீரும் கொடுத்தார். கேமராப் பையைப் பார்த்ததும், "அத வெளியவே வச்சிட்டு வா தம்பி." பல வாரம் அது வெளியேதான் இருந்தது. சிமெண்ட் மூட்டை தூக்கினேன், மங்கு கழுவினேன்.

பிறகு அவராகவே நிபந்தனை சொன்னார். முகம் காட்டக்கூடாது. ஏன் செய்யறீங்க என்று கேட்கக்கூடாது. முடித்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இணையத்தில் ஏற்றக்கூடாது. இதைக் கேட்ட என் நண்பர் ஒருவர், "இதுல என்னடா படம்?" என்றார். எனக்கென்னவோ அங்கேதான் படத்துக்கு உருவம் வந்தது. முகம் இல்லையென்றால் கைதான் எல்லாம். ஏன் என்று கேட்க முடியாவிட்டால், "இது யாரு தாத்தா?" என்று ஒவ்வொரு மங்காகக் காட்டிக் கேட்கலாம். அதற்கு அவர் பதில் சொல்லி முடிப்பதே இல்லை.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லயமும் நிலமும் கம்பெனியுடையது, ஆகவே தாத்தா சரி என்றால் மட்டும் போதாது. நிர்வாகத்திடம் கடிதம் வாங்காமல் கேமராவோடு காவல் கொட்டகையைத் தாண்டாதீர்கள். ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் பக்கமும் கவனம் வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி படத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும், 2020-ல் அதைப் பற்றி நாடே சண்டை போட்டது. உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து போனால் தலைவலி குறைவு.

ஒப்புதல் பத்திரத்தைத் தமிழில் எழுதி, நானே வாசித்துக் காட்டி, அவர் 'சரி' சொல்வதைக் குரல் பதிவாகவும் எடுத்துக்கொண்டேன். படத்துக்கு உரிமை எனக்கு, சுவருக்கு உரிமை அவருக்கு என்று தனித்தனியாக எழுதினோம். நம் நாட்டில் கலைப்படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கும் உண்டு. தோட்டத்துக் கிழவர்தானே என்று இதை விட்டுவிடுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

படப்பிடிப்பில் பெரிய எதிரி தகரக் கூரை. மத்தியான மழை பிடித்தால் பேச்சு ஒன்றும் கேட்காது. அதனால் குரல் பதிவெல்லாம் வெள்ளன, சேவல் ஓய்ந்த பிறகு. குசினியில் ஒரே ஒரு குழல் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில கேமராக்களோ வாங்கும்போதே 60-க்கு வைத்திருக்கும். அப்படியே எடுத்தால் படம் முழுக்கப் பட்டை ஓடும். 25 பிரேமுக்கு மாற்றி ஷட்டரை 1/50-ல் வைத்தால் நின்றுவிடும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். கூடுதல் விளக்கு கொண்டுபோகவில்லை. சூடும் வெளிச்சமும் பட்டால் பக்குவப்படுத்தாத ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். ஏற்கெனவே சில பேருக்கு முடி கன்னத்தில் வழிந்திருக்கிறது. அதை எடுக்கும்போது தாத்தாவுக்குச் சிரிப்பு. "அவன் உசுரோட இருக்கும்போதும் அப்படித்தான், எண்ணெய் வழியும்."

ஒருநாள் கைபேசியில் நேக் சந்தைக் காட்டினேன். சாலை ஆய்வாளராக இருந்தவர், சண்டிகரில் அரசு நிலத்துக் காட்டில் ஒளித்து ஒளித்து, உடைந்த பீங்கானிலும் வளையலிலும் ஒரு ஊரையே செய்து வைத்தவர். கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்கப் பார்த்தார்கள், கடைசியில் 1976-ல் பூங்காவாகத் திறந்து அவருக்குச் சம்பளமும் ஆளும் கொடுத்தார்கள். தாத்தா திரையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வளையல ஒடச்சி ஒட்டியிருக்காரு, கெட்டிக்காரரு," என்றார். பிறகு, "அவரு கவர்மெண்டு ஆளு. நம்ம கத வேற."

வேறுதான். படத்தொகுப்பின் முதல் வெட்டு முடிந்ததும் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார், அவர் சம்சாரத்தின் மங்கு. "இது வேணாம்." எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது, ஒளி அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. எடுத்துவிட்டேன். கோலாலம்பூரில் ஒருவர் சுவரைப் பெயர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். அதற்கும் தாத்தா சொன்னது அந்த ஒரே சொல்தான்.

படம் இணையத்தில் வராது. அழைத்தால் கோயில் மண்டபமோ சமூக மண்டபமோ, நேரில் வந்து போட்டுக் காட்டுவேன். செம்பனை மறுநடவு வந்தால் அந்த லயமும் போய்விடும் என்று பேச்சு இருப்பதால், ஒவ்வொரு மங்கையும் அளவுகோல் வைத்துத் தனித்தனியாகப் புகைப்படம் எடுத்து, தாத்தா சொல்லச் சொல்லப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். சிலருடைய பெயர் மட்டும் அவருக்கு மறந்துவிட்டது, விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஒரு காதில் மட்டும் கடுக்கன் போட்ட மண்டோர் ஒருவர், பெரட்டில் பேர் கூப்பிடும்போது திக்குமாம். இன்னொரு அம்மா, தலையில் சிவப்புத் துண்டு, பால் வாளிகளைத் தொங்கவிட்ட காண்டாக் கம்பைத் தோள் மாற்றாமலே ஸ்டோர் வரை பால் சுமப்பாராம்.