குன்னூர் தாண்டியதும்

"மேடம், நம்ம பேஷன்ட் எல்லாரும் ஊட்டியிலயா இருக்காங்க?"

எம்.ஃபார்ம் மாணவி கேட்ட இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்: "ஃபிரிட்ஜில் வைக்கவும்னு லேபிள்ல போட்டுக்கலாம்மா." தப்பான பதில் இல்லை. ஆனாலும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவள் செய்துகொண்டிருந்தது கண்ணில் விட்டதும் ஜெல்லாகும் சொட்டு மருந்து. சாதாரணச் சொட்டு மருந்தில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கண்ணீரோடு வடிந்துவிடும். ஜெல்லாகி நின்றால் மருந்து மெதுவாக இறங்கும். போலாக்சமர் 407 இதற்குத் தோதான பாலிமர்: குளிரில் தண்ணீராக ஓடும், சூடு ஏறினால் கட்டிக்கொள்ளும். அவள் சேர்த்திருந்தது 20 சதவீதம். ஜனவரிக் காலையில் ஊட்டியில் எங்கள் லேபில் 14 டிகிரி; குப்பியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. 24 டிகிரியில் கட்டியது. சமவெளியில் எந்த வீட்டு அலமாரியும் அதைவிடச் சூடுதானே.

அதே வகையில் இன்னொரு பாலிமரான போலாக்சமர் 188 கொஞ்சம் சேர்த்தால் கட்டும் வெப்பநிலை ஏறும், செய்து பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

காரணம் இருந்தது. கண்ணீர் கலந்தால் பாலிமர் நீர்த்துப்போகும்; நீர்த்தால் கட்டும் வெப்பநிலை இன்னும் மேலே போகும். கண்ணின் மேற்பரப்பு 34 டிகிரி அளவில்தான் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் குப்பியிலும் கட்டாது, கண்ணிலும் கட்டாது. இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் தீசிஸ் பைண்டிங்குக்கு இருபது நாள்தான் பாக்கி. 188 சேர்த்தால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. இரண்டில் எது என் மனதில் முதலில் வந்தது? கண்ணீர்தான் என்று சில நாள் உறுதியாகத் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. அளவை மாற்றி மாற்றி, நீர்த்த பிறகும் கட்டுகிறதா என்று பார்த்திருந்தால் நடுவில் ஓர் இடம் கிடைத்திருக்கலாம். பார்க்க விடவில்லையே.

ஏப்ரலில் கோவையில் ஒரு கருத்தரங்கு. குப்பியை ஐஸ் பெட்டியில்தான் எடுத்துப்போனோம். மேட்டுப்பாளையம் போவதற்குள் பாதி ஐஸ் உருகிவிட்டது. மேடையில் நடுவர் குப்பியைக் கவிழ்த்து அழுத்தினார். ஒரு சொட்டும் விழவில்லை. "குளிர்ல வச்சா இளகிடும் சார்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. 188 பற்றி நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான் கோவையில் தங்கிவிட்டேன். இரவு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "குன்னூர் தாண்டியதும் இளகிடுச்சு மேடம்."