ஊட்டிப் பனியில் கருப்பியும் மணியும்: இந்தக் குளிர்காலத்து நோட்டு

போன குளிர்காலம் முடிந்தபோது என் குதிரை கருப்பியின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. கையால் தடவித்தான் எண்ணினேன். கண்ணுக்கு அவள் கொழுகொழுவென்றே தெரிந்தாள். பனிக்கால முடி செய்கிற மோசடி அது. அதனால் இந்த வருஷம் அக்டோபரிலேயே ஒரு நோட்டும் தையல் டேப்பும் வாங்கி வைத்துவிட்டேன்.

இடம் ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகும் பக்கம், சரிவான முக்கால் ஏக்கர். கருப்பி சவாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். மணி மட்டக்குதிரை. லாயம் கிடையாது, ஒரு தகரக் கொட்டகை மட்டும். இரவும் பகலும் இரண்டும் வெளியில்தான்.

அக்டோபர் கடைசி

கருப்பியின் நெஞ்சுச் சுற்றளவு 148 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டம் வரை 145. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். 267. மணி டேப்பைத் தின்னப் பார்த்ததால் அவன் கணக்கு அன்றைக்கு வரவில்லை.

கொட்டகையில் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். ஜூனில் கட்டியது. அப்போது மேற்கிலிருந்து அடித்த மழையைப் பார்த்து, முதுகை மேற்கே வைத்துக் கிழக்கைத் திறந்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை வந்ததும் சாரல் நேராக உள்ளே வந்தது. கிழக்கே பாதியைத் தகரத்தால் அடைத்தேன். வழி ஒன்றுதானே என்று கருப்பி வாசலை மறித்து நின்றுகொண்டாள்; மணி வெளியே மழைக்குப் பின்புறத்தைக் காட்டியபடி நனைந்துகொண்டிருந்தான். அப்புறம் தெற்கேயும் ஒரு வழி வெட்டினேன். இரண்டு குதிரைக்கு ஒரு வாசல் போதாது.

நவம்பர் நடுவில்

ஆன்லைனில் ஒரு குதிரைப் போர்வை வாங்கினேன். உள்ளே பஞ்சு, வெளியே மழை புகாத துணி. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். நல்ல மழை பெய்த ஒரு மாலை, கருப்பியின் நனைந்த முதுகின்மேலேயே அதைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தால் ஆவி பறந்தது, ஊறல் நாற்றம். ஒரு வாரத்தில் முதுகில் முடி கொத்துக் கொத்தாகப் பொருக்கோடு பெயர்ந்தது. ஈரத்தில் வளர்கிற கிருமியின் வேலை என்றார் டாக்டர். போர்வையைக் கழற்றி, பொருக்கைப் பக்குவமாக எடுத்து, உலர வைத்ததில் மூன்று வாரத்தில் சரியானது.

குளிரில் குதிரை முடி சிலிர்த்து நிற்கும். இடையில் சிக்கும் காற்றுதான் அதன் கம்பளி. மெல்லிய போர்வையைப் போட்டு முடியை அமுக்கினால் உள்ளதும் போய்விடும். மெலிந்ததற்கும் வயதானதற்கும் முடி கத்தரித்ததற்கும் போர்வை வேண்டும்தான். போட்டால் தினமும் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்: வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி, பிசுபிசுத்தால் அதிகம். காதைத் தொட்டு மட்டும் குளிரா இல்லையா என்று முடிவு கட்டுவது வீண்.

இன்னொரு விஷயம். பகல் குறைவதுதான் முடி வளரக் காரணம் என்கிறார்கள். இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசமில்லை. அந்தச் சின்ன வித்தியாசமும் குளிரும் சேர்ந்தே மணியைக் கரடிக்குட்டி ஆக்கிவிடுகின்றன.

டிசம்பர்

மழை நின்று நீர்ப்பனி தொடங்கியது. பூங்காவில் செடிகளை மிலாறு என்கிற செடியின் கிளைகளைப் போட்டு மூடிவிட்டார்கள். என் நிலத்துக் கிக்குயூ புல் பழுப்பாகக் கருகியது. சூடாக ஏதாவது கொடுப்போம் என்று தினமும் கோதுமைத் தவிட்டைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினேன். கருப்பி சப்புக் கொட்டிக் குடித்தாள். எனக்கும் பெருமை.

டாக்டர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கிக்குயூ புல்லில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும். தவிட்டிலோ சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகமே வீங்கிப்போகுமாம். கஞ்சியின் சூடும் சிறிது நேரம்தான். உண்மையான அடுப்பு பெருங்குடலில் இருக்கிறது: நார்த்தீவனம் அங்கே நொதிக்கும்போது வெப்பம் வந்துகொண்டே இருக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து குதிரைமசால் என்கிற தீவனச் செடியைக் காய்ந்ததாக வரவழைத்தேன். பெயரிலேயே குதிரை இருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை. சுண்ணாம்புச்சத்தும் அதில் தாராளம். நல்ல உலர்புல்லோடு கலந்து, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு: கருப்பிக்கு ஐந்தரை கிலோ போல. அதில் பெரும்பங்கு சாயங்காலம், ராத்திரி முழுக்க மெல்லட்டும் என்று.

ஜனவரி

முதல் வாரம் அளந்தால் சுற்றளவு 144, எடை 253. பதினான்கு கிலோ போயிருந்தது. நவம்பர் மழையிலும் தவிட்டுக் காலத்திலும் கரைந்தது என்று நினைக்கிறேன். அந்தத் தீவனக் கலவையை ஆறரை கிலோவாக்கினேன்.

ஒரு விடியலில் தெர்மாமீட்டர் 1 டிகிரி. இரண்டின் முதுகிலும் வெள்ளையாக உறைபனி. பதறிப்போய்ச் சாக்கை எடுத்துத் துடைக்க ஓடினேன். பக்கத்து நிலத்தில் முப்பது வருஷமாகக் குதிரை வைத்திருக்கும் பாய் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் போட்டார்: "துடைக்காதீங்க தம்பி! பனி உருகலைன்னா உடம்புச் சூடு வெளிய போகலைன்னு அர்த்தம். கையை உள்ள விட்டுப் பாருங்க." விட்டேன். முடிக்கு அடியில் தோல் ரொட்டி மாதிரி சூடாக இருந்தது.

உண்மையான தொல்லை தண்ணீர். டிரம்மில் மேலே கண்ணாடி போல ஏடு கட்டியிருந்தது. இரண்டு நாளாகச் சாணம் சின்ன உருண்டைகளாக, வறண்டு விழுந்தது. இந்தக் குளிரில் தண்ணீர் குறைவாகக் குடித்து, காய்ந்த தீவனத்தை நிறையத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தேன், தீவனத்தில் ஒரு மேசைக்கரண்டி உப்பு. மூன்றாம் நாள் சாணம் பழையபடி. இதை நோட்டில் எழுதியபோது மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

பிப்ரவரி கடைசி

சுற்றளவு 147. எடை 264. விலா கைக்குத் தட்டுப்படுகிறது, எண்ண முடியவில்லை. பிரஷ் போட்டால் முடி பந்து பந்தாக உதிர்கிறது. மைனாக்கள் கூட்டுக்குப் பொறுக்கிப் போகின்றன. மணியை இன்னும் அளக்கவில்லை.

அந்த விலையுயர்ந்த போர்வையைத் தண்ணீர் டிரம்மைச் சுற்றிக் கட்டி, மேலே பலகை போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒருநாளும் ஏடு கட்டவில்லை.