34 கையெழுத்து, ஒரே பேனா

பல வருடங்களுக்கு முன்பு ஒரு ரசாயனக் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அங்கே ஒருநாள் நான்கு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. வருகைத் தாளில் 34 கையெழுத்து. அறையில் நான் எண்ணிப் பார்த்தது 19 தலை. மீதி பதினைந்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, அதாவது ஒரே ஆள் வரிசையாகப் போட்டது. அதைப் பார்த்தேன், புரிந்தது, இரண்டு துளை போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டேன். தணிக்கைக்கு வந்தவர்களும் அந்தத் தாளைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மனசு கேட்காமல் மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் கோபப்படவே இல்லை. "சார், இவங்களுக்கு லோடு கணக்குல கூலி. நாலு மணி நேரம் ரூமுக்குள்ள உட்கார வெச்சா அந்தக் காசை யாரு தருவா? நீங்க தர்றீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு பட்ஜெட்டில் பயிற்சி நடத்த வருகிறவருக்குக் கட்டணம் இருந்தது, சான்றிதழ் அச்சடிக்கக் காசு இருந்தது, சுவரில் ஒட்டும் போஸ்டருக்குக்கூட இருந்தது. உட்கார்ந்து கேட்க வேண்டியவனின் கூலி மட்டும் எங்கேயும் இல்லை.

பயிற்சிக்கு நிதி என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். ஏனென்றால் பயிற்சியின் உண்மையான செலவு பயிற்சியாளரின் கட்டணம் இல்லை, வேலை நிற்கும் நேரம்தான். ஒரு ஷிஃப்ட் ஆட்களை வெளியே எடுத்தால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் வேண்டும், லாரி காத்திருக்கும், மேலே இருப்பவர் ஃபோன் அடிப்பார். இந்தச் செலவை யார் சுமப்பது என்று எழுதாத எந்தத் திட்டமும், எவ்வளவு நல்ல பாடத்திட்டம் வைத்திருந்தாலும், கடைசியில் கையெழுத்துத் தாளாகத்தான் முடியும்.

அடுத்த செலவு பொருள். ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தக் காசு பெரிதாக வேண்டாம், அதனால்தான் எங்கே பார்த்தாலும் ஸ்லைடு. கையால் செய்து பழகுவதற்குத்தான் காசு. முகமூடி ஒவ்வொருவர் முகத்திலும் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும் (தாடி இருந்தால் பொருந்தாது, இதைச் சொல்லப்போய் எத்தனை சண்டை!). காற்று சிலிண்டரை முதுகில் மாட்டி நடந்து பார்க்க வேண்டும், அது தீர்ந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். பாதுகாப்பு உடையை மாசோடு கழற்றுகிற வரிசையைப் பழக நாலைந்து உடையாவது கிழிந்து போகும். உடையை மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். வெளிப்பக்கத்தில் படிந்த ரசாயனம் கழற்றும்போது கழுத்தில், மணிக்கட்டில் பட்டுவிடும். இதை எந்தப் படத்தாலும் சொல்லித்தர முடியாது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2006-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த் இதழில், பாதுகாப்புப் பயிற்சி பற்றிய 95 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பைவிட, செய்து பழகிக் கேள்வி கேட்டுத் திருத்திக்கொள்ளும் பயிற்சி, அறிவையும் திறனையும் கூட்டுவதில் ஏறக்குறைய மூன்று மடங்கு பலன் தந்ததாக அதில் எழுதியிருந்தார்கள். காசு மிச்சம் என்று நாம் தேர்ந்தெடுப்பது எதுவோ, அதுதான் பலன் குறைந்த வகை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒரு வாயு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய்விடும், நாற்றம் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இப்ப இறங்கலாம்" என்று தொட்டிக்குள் இறங்கப்போகிற ஒருவன் நினைப்பது அந்த இடத்தில்தான். அவன் விழுந்ததும் அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான், அவனைத் தூக்க மூன்றாமவன். மூடிய இடங்களில் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இலேயே எச்சரிக்கை வெளியிட்டது. கூட்டாளி கண் முன்னால் விழும்போது இறங்காமல் நிற்பது மனித சுபாவத்துக்கே எதிரானது. ஸ்லைடில் பார்த்தவன் இறங்கிவிடுவான். தொட்டியின் வாயில் மூன்று கால் தாங்கியை நிறுத்தி, கயிற்றில் ஆளை நாலு முறை இழுத்துப் பழகியவன் மட்டும்தான் மேலேயே நின்று கைப்பிடியைச் சுற்றுவான்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது பயிற்சிச் செலவில்? பம்ப் வாங்கும் காசை வெட்டினால் அடுத்த வாரம் உற்பத்தி நிற்கும். பயிற்சியை வெட்டினால் அடுத்த வாரம் ஒன்றுமே ஆகாது. அடுத்த மாதமும் ஆகாது. வெட்டியவருக்கு அந்த வருடம் பாராட்டும் கிடைக்கலாம்.

போபால் இதற்குத்தான் சாட்சி. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நடந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவோம், அதற்கு முந்தைய வருடங்களின் சிக்கனத்தைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுவோம். ஆலை நஷ்டத்தில் ஓடியது. மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருந்த தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்திவைத்தார்கள். ஆட்களைக் குறைத்தார்கள், பயிற்சிக் காலத்தைச் சுருக்கினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கணக்காளர் தலையாட்டுகிற மாதிரியான முடிவுதான். சுற்றியிருந்த ஊருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி உட்பட. அந்த வரியைச் சொல்ல ஆகியிருக்கும் செலவு எவ்வளவு என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

போபாலுக்குப் பிறகு பல நாடுகள் சட்டம் போட்டன. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அமெரிக்கா 1986-இல் செய்தது. அங்கே ஏற்கனவே நச்சுக் கழிவு கொட்டிய இடங்களைச் சுத்தம் செய்யும் பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கான சட்டத்தைத் திருத்தும்போது, இந்த இடங்களில் இறங்குகிறவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று எழுதினார்கள். அதிலிருந்து வந்த விதிதான் 40 மணி நேர வகுப்பு, அதோடு அனுபவசாலியின் மேற்பார்வையில் மூன்று நாள் களப் பயிற்சி, வருடா வருடம் 8 மணி நேரம் நினைவூட்டல். அதே சட்டத்திலேயே பயிற்சிக்கு நிதியையும் சேர்த்து எழுதினார்கள், நான் மெச்சுவது அதைத்தான். அந்தப் பணம் கம்பெனிகள் கையில் போகவில்லை. சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் ஒன்றின் வழியாக, 1987 முதல், தொழிற்சங்கங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கும் மானியமாகப் போகிறது. வெட்டினால் லாபம் என்ற நிலையில் இருப்பவர் கையில் காசைக் கொடுக்காமல், வெட்டினால் தன் ஆட்களே சாவார்கள் என்ற நிலையில் இருப்பவர் கையில் கொடுப்பது. யார் யோசித்தார்களோ தெரியாது, கெட்டிக்காரர்.

இன்னொரு வழியும் அங்கே உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. ஆபத்தான சரக்கை அனுப்புகிறவர்களும் ஏற்றிச் செல்கிறவர்களும் அரசிடம் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்திலிருந்துதான் வழியில் விபத்து நடந்தால் ஓடி வரும் தீயணைப்பு வீரர்கள் போன்றவர்களின் பயிற்சிக்கு மானியம் போகிறது. டேங்கரால் சம்பாதிக்கிறவன் ஒருவன், டேங்கர் கவிழ்ந்தால் ஓடி வருகிறவன் இன்னொருவன். முதலாமவன் கட்டும் காசில் இரண்டாமவன் படிக்கட்டும் என்பது நியாயமான கணக்கு. யாருடைய கருணையையும் நம்பி இருக்க வேண்டியதில்லை, சரக்கு நகரும் வரை காசு வரும்.

தீயணைப்பு வீரர்களைச் சொல்லும்போது 2015 ஆகஸ்ட் 12 இரவு சீனாவின் தியான்ஜினில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துறைமுகக் கிடங்கில் தீ என்று போனவர்களுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. கிடங்கு வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 173 பேர், அதில் நூறு பேருக்கு மேல் தீயணைப்புப் பணியாளர்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்திலும் இதே கதை. வெடிக்கக்கூடிய அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் கிடந்த கிடங்குக்கு, என்ன இருக்கிறது என்று சொல்லப்படாமலே பத்துப் பேர் போனார்கள், பத்துப் பேரும் திரும்பவில்லை. இங்கே பயிற்சி மட்டும் போதாது, உள்ளே இருப்பதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் சொல்லப்படாதபோது தள்ளி நின்று கேட்பதும் ஒரு பயிற்சிதான்.

மானியம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தால் தலைகள்தான் வரும். சான்றிதழ்தான் கணக்கு என்றால் சான்றிதழ்தான் உற்பத்தியாகும். எங்கள் 34 கையெழுத்தும் அப்படிப் பிறந்ததுதானே. ஆறு மாதம் கழித்துத் திடீரென்று போய், வேலை செய்கிறவர் ஒருவரிடம் "இந்த டிரம்மில் ஒட்டியிருக்கும் படத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பார்க்கிற திட்டத்தை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஐநா கொண்டுவந்த முறையில் மொத்தமே ஒன்பது படங்கள்தான். சுடர், மண்டை ஓடு, கையையும் உலோகத்தையும் அரிக்கும் திரவம், இப்படி. வட்டத்தின் மேல் சுடர் இருக்கிற படத்தை என்னோடு வேலை பார்த்த பட்டதாரிகளே தீப்பற்றும் பொருள் என்று சொல்லிவிடுவார்கள். அது ஆக்சிஜனேற்றி, அதாவது மற்ற பொருளை எரியவைப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைக்கக் கூடாது என்பதுதான் விஷயமே.

யார் சொல்லித்தருகிறார்கள் என்பதும் காசு சம்பந்தப்பட்டதுதான். டை கட்டி வந்து ஒருநாள் பேசிவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை, அங்கேயே இருபது வருடம் வேலை பார்த்த ஒருவரைப் பயிற்சியாளராக்கச் செலவழிக்கலாம். எனக்கு டிரம் பற்றிச் சொல்லித்தந்தவர் அப்படி ஒரு அண்ணன். மூடி மேல்நோக்கி உப்பியிருந்த ஒரு டிரம்மை நான் நகர்த்தப் போனேன். சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "தம்பி, அது உப்பியிருக்குன்னா உள்ள மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். அதைத் தொடாத, தள்ளிப் போய் ஆளைக் கூப்பிடு" என்றார். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நான் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த அண்ணனுக்குச் சொல்லித்தருவதற்கென்று யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. உள்ளே நுழையப் பயிற்சி அட்டை வேண்டும் என்பார்கள், அட்டைக்கான கட்டணத்தை வேலைக்கு வருகிறவனே கட்ட வேண்டும், ஒருநாள் கூலியும் போகும். பாதுகாப்பு நடவடிக்கை எதற்கும் தொழிலாளி காசு செலவழிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155-வது ஒப்பந்தம் 1981-இலேயே சொல்கிறது. 2022-இல் அதை அடிப்படை ஒப்பந்தங்களின் வரிசையிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் அட்டைக்கான காசு அவன் பையிலிருந்துதான் போகிறது. கட்ட முடியாதவன் போலி அட்டை வாங்குகிறான். அவனைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு, நாம் ஒழுங்காக நடத்துகிறோம் என்று நிம்மதி அடைந்துகொள்வோம்.

ஒப்பந்தக்காரர் வழியாக வரும் ஆட்களுக்கு என்ன செய்வது என்பதற்கு ஹாங்காங்கில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். கட்டுமானத் துறைக்கானது, 1996-இல் ஆரம்பித்தது. அரசு ஒப்பந்தங்களில் மொத்தத் தொகையில் ஏறக்குறைய 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கென்று தனியாக ஒதுக்கி, அதைப் போட்டி விலையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டார்கள். பயிற்சி உட்பட அந்த வேலைகளைச் செய்து காட்டினால் காசு, செய்யாவிட்டால் கிடையாது. குறைந்த விலை கேட்பவன் எதில் வெட்டுவானோ அதில் வெட்டவே வழி இல்லை. ரசாயனம் இறக்கும் ஒப்பந்தத்துக்கும் இதை அப்படியே போடலாம்.

போட்டும் பார்த்தேன். இப்போது இருக்கும் வேலையில், சரக்கு கையாளும் ஒப்பந்தத்தின் வரைவில் ஒரு வரி சேர்த்தேன்: பயிற்சி நேரத்துக்கு முழுக் கூலி, நிர்ணயித்த தொகை, ஏலத்துக்கு உட்பட்டது அல்ல. கொள்முதல் பிரிவில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு, "இதுல கம்மியா யாரு கோட் பண்ணுவாங்க சார்?" என்று கேட்டார். "யாரும் பண்ண முடியாது சார், அதுக்குத்தான் அந்த வரி" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். வரைவு இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. பேனாவால் அடிக்கவில்லை, பென்சில்தான்.