பேச்சாலேயே பதறவைக்கும் போர்ப்படம்

குவென்டின் டாரன்டினோவின் 'இங்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். 2009இல் வந்தது. நாஜிப் படை பிடித்துவைத்திருக்கும் பிரான்ஸ், பழிவாங்கத் துடிக்கும் யூதர்கள். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது உரையாடல்தான்.

1941, ஒரு பால்பண்ணை வீடு. நாஜி அதிகாரி கர்னல் லாண்டா பால் கேட்டு வாங்கிக் குடிக்கிறான், அவ்வளவு பணிவாகப் பேசுகிறான். தரைப்பலகைக்கு அடியில் ஒரு யூதக் குடும்பம் மூச்சை அடக்கிப் படுத்திருக்கிறது. பிரெஞ்சில் தொடங்கிய பேச்சை அவன் ஆங்கிலத்துக்கு மாற்றியது அவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காக! அது தெரியவரும் கணத்தில் வயிறு கலங்கிவிட்டது. லாண்டாவாக நடித்த கிறிஸ்டோப் வால்ட்ஸுக்குக் கான் திரைப்பட விழா விருதும் ஆஸ்கரும் கொடுத்தது மிகச் சரி.

அங்கிருந்து தப்பிய ஷோஷானா பாரிஸில் திரையரங்கு நடத்துகிறாள். சட்டெனத் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்களே அவளுடைய ஆயுதம். ஹிட்லர் அந்த அரங்கில் சாகிறான். வரலாறு அப்படியில்லை என்று தெரிந்தும் கைதட்டினேன்.

அமெரிக்கப் படையினர் நாஜிகளின் தலைத்தோலை உரிக்கும் காட்சிகள் மட்டும் எனக்கு ஒவ்வவில்லை. ஷோஷானாவின் கோபத்துக்கு முன்னால் அவை வெறும் ஆர்ப்பாட்டம். என்னைப் பொறுத்தவரை இது அவளுடைய படம்.