என் நிறத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்பவர்களிடம்

"நான் யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை, எனக்கு எல்லோரும் மனிதர்கள்தான்" என்று நல்ல மனசோடு என்னிடம் சொன்னவர்கள் நிறைய பேர். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. சொல்பவர் மேல் கோபம் இல்லை. என் நிறத்தை ஏற்கெனவே பார்த்து, எடைபோட்டு, முடிவும் எடுத்துவிட்ட ஓர் உலகத்தில்தான் நான் நடமாடுகிறேன், அதில் நீங்கள் மட்டும் நிறத்தைப் பார்க்க மாட்டேன் என்றால் அந்த நிறத்தால் எனக்கு நடப்பதையும் சேர்த்தே பார்க்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் என் நிறத்தில் இன்னொருவர் இருந்தார். மற்ற எல்லோரும் வெள்ளையர். எங்கள் இருவருக்கும் உயரம் வேறு, வயது வேறு, குரல் வேறு, செய்த வேலையும் வேறு. ஆனாலும் அவரை என் பெயர் சொல்லியும் என்னை அவர் பெயர் சொல்லியும் கூப்பிடுவது கடைசி வரை நிற்கவில்லை. திருத்தினால் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பார்கள், அடுத்த வாரம் மறுபடியும் அதே. சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். அவர் ராப்பகலாக உழைத்து முடித்த ஒரு வேலைக்கான பாராட்டு ஒருநாள் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது அது சின்ன விஷயமாக இல்லை.

வேற்று இனத்தவர் முகங்களைப் பிரித்தறிவது எல்லோருக்குமே கொஞ்சம் கஷ்டம், மூளையின் இயல்பு அது என்பார்கள். உளவியலாளர்கள் இதை 1960-களிலிருந்தே சோதித்து வருகிறார்கள், அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் கொரியாவில் பிறந்து, சிறு வயதிலேயே தத்தெடுக்கப்பட்டு, பிரான்சில் வெள்ளையர் குடும்பங்களில் வளர்ந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. வளர்ந்த பிறகு அவர்கள் ஆசிய முகங்களைவிட வெள்ளையர் முகங்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டார்கள். அதாவது யாரோடு பழகுகிறோமோ அவர்களைக் கண் கற்றுக்கொள்கிறது. நான் அந்த அலுவலகத்தில் அத்தனை முகங்களையும் பெயர்களையும் கற்றுக்கொண்டேன், கற்காவிட்டால் எனக்குப் பிழைப்பு ஓடாது. அவர்களுக்கு இரண்டே முகங்கள், அதைக் கற்காமலேயே அவர்கள் வேலை ஓடியது. ப்ரிவிலேஜ், அதாவது கேட்காமலேயே கிடைத்துவிடும் சலுகை, என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மனிதக் கண்ணையாவது திருத்தலாம். அந்தப் பழக்கம் ஒரு கருவிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால்?

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமானது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி, இரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து அது ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும், அதனால் கருந்தோல் உள்ளவர்களுக்குச் சில நேரம் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இது: கருவி 92 முதல் 96 சதவீதம் என்று நல்லபடியாகக் காட்டிய நேரங்களில், தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தால், வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதச் சோதனைகளில்தான் அளவு 88-க்குக் கீழே, ஆபத்தான நிலையில் இருந்தது. கறுப்பின நோயாளிகளிடம் அது 11.7 சதவீதம். மூச்சுக்குத் திணறும் ஒருவரின் விரலில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். அவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிடக் கருவி சொல்வதைத்தான் நம்புவார்கள்.

இது 2020-இல் திடீரென்று தெரியவந்ததும் இல்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் இதே கோளாறைக் கண்டு 1990-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் 30 வருடம் ஓடியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள்: கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதிக்க வேண்டும், அதில் கருந்தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அந்த அளவு இருந்தால் போதும். இதைக் குறைந்தது 150 பேரிடம், பலவிதத் தோல் நிறங்களில் சோதிக்கச் சொல்லும் வரைவு 2025 ஜனவரியில்தான் வந்தது.

யாரும் வேண்டுமென்றே கெடுதல் செய்யவில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். வெள்ளைத்தோல் நோயாளி யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. கருவி அவருக்குச் சரியாக வேலை செய்தது, அவ்வளவுதான், அது தனக்குக் கிடைத்த ஒன்று என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. அதனால்தான் ப்ரிவிலேஜ் என்று சொன்னதும் "நான் ஏழ்மையில் வளர்ந்தவன், எனக்கு என்ன கிடைத்தது" என்று பலரும் உண்மையாகவே மனம் நோகிறார்கள். அந்த ஏழ்மை பொய் இல்லை. அதோடு நிறமும் சேர்ந்து எதிராக நிற்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உழைப்பால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு, பொருளாதார ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5000 வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பாதியில் வெள்ளையருடையதாகத் தோன்றும் பெயர், பாதியில் கறுப்பினத்தவருடையதாகத் தோன்றும் பெயர். முதல் வகைக்கு 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது, இரண்டாவதுக்கு 15 விண்ணப்பம் தேவைப்பட்டது. என்னை அதிகம் உலுக்கியது அடுத்த விவரம். தகுதியைக் கூட்டிக் காட்டியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகவே கூடியது, கறுப்பினப் பெயர்களுக்குக் கூடியது மிகக் கொஞ்சம். பெயரிலேயே நின்றுவிட்ட கண் அதற்குக் கீழே இருந்த தகுதி வரைக்கும் போகவே இல்லை.

இதில் இன்னும் ஆழத்தில் இருப்பவர்களும் உண்டு. 1970-களில் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது 5 கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் முறை அங்கே இருந்தது, கறுப்பினப் பெண்களைச் சேர்த்ததே தாமதமாகத்தான், ஆகவே ஆட்குறைப்பு வந்ததும் வெளியே போனவர்களும் அவர்களே. 1976-இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனத்தில் பெண்கள் இருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. இனப் பாகுபாட்டுக்கு இதே நிறுவனத்தின் மீதுள்ள இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்றது. சட்டத்தின் முன்னால் கறுப்பினப் பெண் என்று ஒருத்தி இருக்கவே இல்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்து வைத்துத்தான் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் பாகுபாடுகளைப் பற்றி எழுதினார்.

என் கதையிலும் அந்த அடுக்கு இருக்கிறது. என்னைத் தவறான பெயரிலாவது கூப்பிட்டார்கள். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தவர்களில் பலர் என் நிறம்தான், அவர்களை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படிப்பும் பேச்சும் எனக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்திருந்தன. அதை மறைத்துவிட்டு என் வலியை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை.

சரி, யாரும் பார்ப்பதே இல்லையா என்றால், தேவையில்லாத இடத்தில் நன்றாகவே பார்க்கிறார்கள். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, கடையில் திருடியவர் என்று முகமறியும் மென்பொருள் காட்டியதை நம்பி, மனைவி குழந்தைகள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். படத்தில் இருந்தவர் அவரே இல்லை. அவர் வழக்குத் தொடுத்து, அந்த மென்பொருள் சொல்வதை மட்டும் வைத்துக் கைது செய்ய மாட்டோம் என்று டெட்ராய்ட் காவல்துறை ஒப்புக்கொண்டபோது 2024 ஜூன் ஆகிவிட்டது. அடிபட்டவரேதான் நான்கு வருடத்துக்கு மேல் ஓடியாட வேண்டியிருந்தது.

அந்த ஓட்டத்தில் ஒரு பகுதியை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கோரிக்கை. நீங்கள் கருவி வாங்குகிற இடத்தில் இருந்தால், இதை யார் யார் மேல் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். ஆள் எடுக்கிற இடத்தில் இருந்தால், ஒதுக்கிவைத்த விண்ணப்பங்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துவிட்டு, ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். இதையே நான் கேட்டால் "இவருக்கு எதை எடுத்தாலும் இனம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால் குறிப்பெடுத்துக்கொண்டு போய் விசாரிப்பார்கள்.